மூன்று பேட்ஜ் ஹமீது பாய்

மஞ்சள் பேட்ஜைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, நீல பேட்ஜைச் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டிருந்தார் ஹமீது பாய். எதிரே ஆளுயரக் கண்ணாடி. யார் வீட்டு பீரோவுக்கோ போக வேண்டியது. கண்ணாடிக்குள் தெரிந்த என்னைப் பார்த்து, "இன்னிக்கு இன்னா கெயம சார்?" என்றார். திங்கள் என்றேன். "அப்ப நீலம்தான். கரீட்டு" என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு, மஞ்சளை வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் துடைத்து பேண்ட் பையில் போட்டார். உள்ளே ஏற்கெனவே இன்னொன்று இருந்திருக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டு கிணுங்கின.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. நான் போனது ஒரு படத்துக்குச் சட்டம் போட. படம் எப்போதோ சுவரேறிவிட்டது. அந்தக் கிணுங்கல் என்னவென்று தெரிந்துகொள்ள மட்டும் மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கேளம்பாக்கம் ஜங்ஷனில், கோவளம் ரோடு பிரிகிற இடத்தில், ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊரையே ஏலம் விடுவதுபோல் கூவுகிற கூவலுக்கு நேர் பின்னால் இருக்கிறது ஹமீது கிளாஸ் அண்டு பிரேம்ஸ். வாசலில் மெக்கா படமும் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வெயில் காய்வார்கள். உள்ளே, கட்சித் தலைவர்கள் படங்களில் பாதி கடையைப் பார்த்தும் பாதி சுவரைப் பார்த்தும் நிற்கும். "ஆட்சி மாறனா இவங்கள அந்தாண்ட திருப்பி, அவங்கள இந்தாண்ட திருப்புவேன். வேற ஒண்ணியும் அரசியல் தெரியாது சார் எனக்கு" என்பார் பாய்.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டியவர். தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் யாரையும் பார்ப்பார். ஏதோ மரியாதை என்று முதலில் நினைத்தேன். அளவெடுக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. "உங்க மூஞ்சிக்கு எட்டுக்குப் பத்து போதும் சார். பன்னெண்டுக்குப் பதினாறு போட்டா ஆள் தெரியாது, நெத்திதான் தெரியும்." காதில் எப்போதும் ஒரு சிவப்பு மெழுகு பென்சில், கண்ணாடி மேல் எழுதுவது. யார் எந்த அளவு கேட்டார்கள், யார் வீட்டு போன் நம்பர் என்ன, எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் எந்தக் கண்ணாடி இருக்கிறதோ அதன் மேலேயே எழுதிவிடுவார். "காகிதம் தொலஞ்சிடும் சார். கண்ணாடி எங்க போவும்?" தலைவார வருகிறவர்கள் எண்களுக்கு நடுவே முகத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் கடைக்குச் சோறு போடுவது கண்ணாடியும் இல்லை, சாமியும் இல்லை. கேடயங்கள். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்தச் சேவைச் சங்கம் யாரைப் பாராட்டினாலும் பாராட்டுக்குரிய மரப்பலகையும் பித்தளைத் தகடும் இங்கிருந்துதான் போகும். 'சிறந்த தலைவர்' என்று பொறித்த கேடயங்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பார். பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருக்கும். சிறந்தவர் அல்லாத ஒரு தலைவர் இந்தப் பக்கத்தில் இதுவரை பதவிக்கு வந்ததில்லை என்பதால் இதில் நஷ்டத்துக்கு இடமே கிடையாது.

அந்தச் சங்கங்களில் பெரியவை மூன்று. மூன்றையும் சொல்லிவிடுகிறேன், பேட்ஜ் விஷயம் அதில்தான் இருக்கிறது.

நீலம், அலைகள் கிளப். திங்கட்கிழமை மாலை, மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் ஹாலில் கூடும். ரிசார்ட் சம்பத்துடையது, ஹால் சம்பத்துடையது, தலைவர் பதவியும் பெரும்பாலும் சம்பத்துடையது. மனை விற்று, சவுக்குத் தோப்பு விற்று, பிறகு கடலைப் பார்த்த அறைகளை வாடகைக்கு விட்டு வளர்ந்தவர். கூட்டம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கி, வஞ்சிர மீன் வறுவலில் முடியும்.

மஞ்சள், தீபம் கிளப். வியாழக்கிழமை, அணு ஆராய்ச்சி ஊழியர்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில். தலைவர் சுப்புராமன், விஞ்ஞான அதிகாரி. குறித்த நேரத்துக்கு மணி அடித்துவிடுவார், எதிரே நாற்காலிகள் மட்டும் இருந்தாலும். தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

வெள்ளை, இமயம் கிளப். சனிக்கிழமை, செங்கல்பட்டில் டாக்டர் தெய்வநாயகியின் மருத்துவமனை மொட்டை மாடியில். டாக்டர்களும் பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களும் உறுப்பினர்கள். கொழுப்பினால் வரும் கேடுகள் பற்றி ஒருவர் பேசுவார். அதை எல்லாரும் பஜ்ஜி தின்றுகொண்டே கேட்பார்கள்.

மூன்றுக்கும் சேவை ஒன்றேதான். ஆனால் ஒருவர் கண் முகாம் நடத்தினால் இன்னொருவர் அதே தெருவில் மறுவாரம் காது முகாம் நடத்துவார், பழைய பேனரின் ஆணியிலேயே தன் பேனரை மாட்டி. மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: ஓர் ஆளுக்கு ஒரு கிளப். சேரும்போது கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும்.

ஹமீது பாய் மூன்று முறை கையை நீட்டியிருந்தார்.

"சம்பத்து சாரு தொண்ணூத்தி மூணுல கேடயம் வாங்க வந்தாரு. பேசிகினு இருக்கச்சொல்ல 'பாய், நீயும் நம்ம கிளப்புல சேந்துடு'ன்னாரு. கஸ்டமரு. இல்லன்னு இன்னான்னு சொல்றது? சேந்தேன். ரெண்டு வருசம் கழிச்சி சுப்புராமன் சாரு அவங்க அப்பா படத்துக்கு பிரேம் போட வந்தாரு. அவரும் கேட்டாரு. அப்பா படத்த கையில வெச்சுகினு கேக்கறாரு சார், எப்பிடி மாட்டேன்றது? அப்பால டாக்டரம்மா. எங்க வூட்டுல பிரசவம் பாத்தவங்க. அவங்களுக்கு இல்லன்னு சொல்ற வாயி ஆண்டவன் எனக்கு வெக்கவேயில்ல."

அவர் மனைவி ஷாஜாதி கடையின் பின்பக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்பவர். இதற்கு அவர் சொன்ன உரை: "வாரத்துல மூணு ராத்திரி என் வூட்டு சோறு மீந்துபூடுது. எங்க தெரு காக்காங்கள்லாம் இப்ப நம்ம கிளப்பு மெம்பருங்க."

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், மூன்று தலைவர்களும் ஒருவர் கூட்டத்துக்கு இன்னொருவர் போகாத கெட்டிக்காரத்தனம்தான். அத்தோடு மூன்று கிளப்புக்கும் அவரைவிட ஒழுங்கான உறுப்பினர் கிடையாது. ஒரு கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேராவது வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, கோரம் என்பார்கள். மழை பெய்தாலும் கிரிக்கெட் மேட்ச் நடந்தாலும் ஒரு தலை எப்போதும் குறையும். அப்போது வாசலில் ஹமீது பாயின் மொபெட் வந்து நிற்கும். "கோரம் வந்தாச்சு" என்று சுப்புராமன் மணியடிப்பார்.

மூன்று கூட்டத்திலும் உட்கார்ந்து எழுந்ததில் பாய்க்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லாத விஷயம். அலைகளிடம் ஒரு வேன் இருந்தது. வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த யாரோ புண்ணியவான் ஆம்புலன்சுக்கென்று வாங்கிக் கொடுத்தது. ஓட்ட ஆள் வைக்கவில்லை. உள்ளே வைக்கச் சாமான் வாங்கவில்லை. சிறப்பு விருந்தினர்களையும் மடக்கு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு அது மாமல்லபுரத்துக்குள்ளேயே வலம் வந்தது. தீபத்திடம் ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தன. முறைப்படி டெண்டர் விட்டு வாங்கி, முறைப்படி பூட்டி வைத்தவை. வருஷத்துக்கு ஒரு முறை செயல் விளக்கம் நடக்கும். யாராவது ஒரு குமாஸ்தா ஸ்ட்ரெச்சரில் படுத்து எழுந்திருப்பார். இமயத்திடம் முறை வைத்து வேலை செய்ய டாக்டர்களும் நர்ஸும் தயார். ஏசுபாதம் என்கிற ஆம்புலன்ஸ் டிரைவர் கூடத் தயார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தொப்பியோடு மருத்துவமனை வாசலில் தினமும் உட்கார்ந்திருப்பார். ஓட்டத்தான் வண்டி இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலமாக்கி மினுமினுப்பாக்கியிருந்த சமயம் அது. மெட்ராஸிலிருந்து வருகிற கார்களுக்குத் திருவிடந்தை வளைவு வளைவாகவே தோன்றாது. அடிபட்டவர்களை அகப்பட்ட வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். வேன் ஓர் இடம், ஸ்ட்ரெச்சர் ஓர் இடம், டிரைவர் ஓர் இடம். சொன்னால் ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் கிடைக்கும். சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியும் கூடவே கிடைக்கும். பாய் சொல்லாமல் இருந்தார்.

இரண்டாயிரத்தொன்றில் ஒரு திங்கட்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அலைகள் கிளப் விருது விழாவுக்குக் கேடயங்களை ஏற்றிக்கொண்டு பன்னீர்செல்வத்தின் ஷேர் ஆட்டோவில் மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்தார் பாய். பன்னீர் ஜங்ஷன் ஸ்டாண்டுக்காரர். பாயை "அண்ணாத்த" என்றே கூப்பிடுவார். திருவிடந்தை வளைவில் ஒரு கார் உரசிவிட்டு நிற்காமல் போனது. ஆட்டோ கவிழ்ந்தது. பாய்க்குச் சிராய்ப்பு. பன்னீருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது.

அந்த வழியாக வந்தது மீன் வேன். அதில்தான் ஏற்றினார்கள். ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுக்க என்ன செய்வது? கையில் இருந்தது கேடயம். தேக்குப் பலகை, இரண்டடி நீளம். பலகையைக் காலோடு சேர்த்துச் சால்வையால் கட்டினார் பாய். அதுவும் விழாவுக்குப் போன சால்வைதான். பித்தளைத் தகட்டில் இருந்த 'சேவைச் செம்மல்' என்ற எழுத்துக்கள் பன்னீரின் ஆடுசதையில் அழுந்தின. அந்தக் கேடயம் செய்த ஒரே சேவை அதுதான் என்று நினைக்கிறேன். அதன் மற்ற தோழர்கள் ஷோகேசில் இருக்கின்றன.

மீன் வேன் மாமல்லபுரத்தைத் தாண்டித்தான் செங்கல்பட்டுக்குத் திரும்ப வேண்டும். ரிசார்ட் வாசலில் சீரியல் செட் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சாமந்திச் சரம் போட்டு, அலைகள் கிளப் வேன் நின்றிருந்தது.

"நிறுத்தச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன் சார். அப்பால மூடிகினேன். நிறுத்தி இன்னா பண்றது? வண்டி இங்க கீது. படுக்க வெக்கற கட்டிலு வேற எடத்துல பூட்டிகினு கீது. ஓட்டற ஆளு செங்கல்பட்டுல தொப்பி போட்டுகினு குந்திகினு கீறான். பன்னீரு 'அண்ணாத்த, அண்ணாத்த'ன்னு கத்திகினே வரான். எனக்கு மட்டும் மூணும் தெரியுது. அத மாரி ஒரு பேஜாரு எனக்கு ஆனதே இல்ல."

கால் பிழைத்தது. ஆனால் கோணலாகச் சேர்ந்துவிட்டது. அந்த வாரச் சனிக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் தெய்வநாயகி யாரிடமோ, "அசையாமப் படுக்க வெச்சு ஒழுங்கா கொண்டாந்திருந்தா அந்த ஆட்டோக்காரர் நேரா நடந்திருப்பார்" என்று போகிற போக்கில் சொன்னார். பாய் அன்று பஜ்ஜி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நாணயம் என்று நான் சொல்ல மாட்டேன். திங்களன்று சம்பத்திடம் போய், "கேடயம் வாங்க வந்தப்ப சொன்னாங்க, தீபமும் இமயமும் சேந்து ஆம்புலன்ஸ் விடணும்னு துடிக்கறாங்க. நீங்க தலைமை தாங்கினாத்தான் ஆவும்னு கால்ல விழாத கொறையா கேக்கறாங்க" என்றார். வியாழனன்று சுப்புராமனிடம், அலைகளும் இமயமும் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். சனியன்று யார் யார் காலில் விழுந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். மூன்று கிளப்பும் பெருந்தன்மையோடு தலைமை ஏற்கச் சம்மதித்தன.

கூட்டுக் கூட்டம் கேளம்பாக்கம் கல்யாண மண்டபம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை. சபைக்கு நானும் போயிருந்தேன், பத்திரிகைக்காரர்களுக்கும் பொங்கல் வடை உண்டு என்று கேள்விப்பட்டு. மூன்று வரிசையாக நாற்காலி: நீலத் துணி, மஞ்சள் துணி, வெள்ளைத் துணி. பின்னால் ஊன்றுகோலோடு பன்னீர்செல்வம். பாய்க்கு மட்டும் எந்த வரிசையிலும் உட்காரத் தோன்றவில்லை. தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். சட்டையில் பேட்ஜ் இல்லை. பேண்ட் பை கிணுங்கியது.

இந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம். மைக் கையிலிருந்து கைக்குப் போகும். ஒவ்வொருவரும் எழுந்து பேரையும் கிளப்பையும் சொல்ல வேண்டும். மைக் நீல வரிசைக்கு வந்தால் பாய் மஞ்சளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மைக் மஞ்சளுக்கு வந்தால் வெள்ளைக்கு ஊற்றினார். மூன்று வரிசையும் முடிந்தது. நிரம்பி வழிகிற டம்ளரில் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், தண்ணி போதும்" என்றார் தெய்வநாயகி. "இப்படி வந்து உக்காருங்க. நம்ம வரிசையில எடம் போட்டு வெச்சிருக்கேன்."

சம்பத் சிரித்தார். "இன்னா டாக்டரம்மா, எங்க ஆள இட்டுகினு போறீங்க? பாய், இங்க வா."

சுப்புராமன் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மன்னிக்கணும். ஹமீது எங்களோட இணைச் செயலாளர்."

பாய் ஜாடியைக் கீழே வைத்தார். பையில் கைவிட்டு நீலத்தை எடுத்தார், குத்தினார். அதன் கீழே மஞ்சள். அதன் கீழே வெள்ளை. கண்ணாடி இல்லாததால் மூன்றும் கோணலாக நின்றன. மைக்கை வாங்கினார்.

"நான் ஹமீது. கண்ணாடிக் கட. திங்கள்ல அலைகள், வியாழன்ல தீபம், சனியில இமயம். நீங்க மூணு பேரும் கேட்டீங்க, நான் மூணு பேருக்கும் சரின்னுட்டேன். தப்புதான். ஆனா வண்டி எங்க கீது, ஸ்ட்ரெச்சரு எங்க கீது, டிரைவரு எங்க கீதுன்னு மூணும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பன்னீரு கால பாத்ததுக்கு அப்பால அத உள்ளயே வெச்சுகினு இருக்க முடியல."

"அப்ப எங்க ரகசியமெல்லாம் வாரா வாரம் வெளிய போய்கினு இருந்துதா?" என்று எழுந்தார் சம்பத்.

"உங்க ரகசியம் இன்னா சார், வஞ்சிர வறுவல்தானே?" என்றார் தெய்வநாயகி.

"அது இருக்கட்டும். இவங்க ரெண்டு கிளப்பும் என் கால்ல விழாத கொறையா கேட்டாங்கன்னு சொன்னியே பாய்?"

"என்கிட்டயும் இதையேதான் சொன்னார்" என்றார் சுப்புராமன். "வார்த்தைகூட மாறலை."

"எங்கிட்டயும்" என்றார் டாக்டர். சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

சம்பத் மேஜையிலிருந்த வேன் சாவியைக் கையில் எடுத்தார். "ஏமாத்தி கூப்ட்ட கூட்டத்துல எனக்கு இன்னா வேல? வண்டிய எடுத்துகினு நான் போறேன்."

பின்னாலிருந்து ஊன்றுகோல் தரையில் தட்டியது. "எங்க சார் போறே? ஓட்ட ஆள் கீதா?" என்றார் பன்னீர்செல்வம். "என் கால இட்டுகினு போவச்சொல்ல அந்த வண்டி பூ வெச்சுகினு வாசல்ல நின்னுகினு இருந்துதே, அத மாரி நிறுத்தவா?"

சம்பத்துக்கு முகம் சிவந்தது. ஆனாலும் வாசலை நோக்கி நடந்தார். நிஜமாகவே போயிருப்பார். அவரை நிறுத்தியவர் நான் சற்றும் எதிர்பாராத ஆள்: சுப்புராமன். அவர் தன் இருக்கையிலேயே விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் சம்பத். விதிப்படி ரெண்டாவது கிளப்புல சேர்ந்த ஆளோட உறுப்பினர் உரிமை எல்லா இடத்துலயும் ரத்தாகும். அப்படின்னா ஹமீது ஏழு வருஷமா எங்கயும் மெம்பர் இல்லை. என் தேர்தல் அன்னிக்குக் கோரம் சேர்ந்ததே ஹமீது வந்ததாலதான். அதனால..." கடைசி விரலையும் மடக்கினார். "அதனால நான் தலைவர் இல்லை."

"எங்க தேர்தலன்னிக்கும் அப்படித்தான்" என்றார் தெய்வநாயகி யோசனையோடு. "மழை. பாய் நனைஞ்சுகிட்டே வந்தார்."

இருவரும் சம்பத்தைப் பார்த்தார்கள். சம்பத் சாவியைப் பார்த்தார். அலைகள் கிளப் தேர்தலின்போது கிரிக்கெட் நடந்தது என்பதை ஊரே அறியும்.

"அப்ப நீங்களும் தலைவர் இல்ல சார்" என்றார் டாக்டர். "வண்டிய எடுத்துகிட்டுப் போக உங்களுக்கு அதிகாரம் கிடையாது. சாவிய வெச்சிடுங்க."

தலைவரே இல்லாத மூன்று கிளப்புகள் அரை நாளில் முடித்ததைத் தலைவர்கள் இருந்த காலத்தில் ஏழு வருஷமாகியும் முடிக்கவில்லை. வேனுக்குள் ஸ்ட்ரெச்சர் ஏறுவது, ஏசுபாதம் வண்டியை எடுப்பது, எந்த டாக்டர் எந்த நாள் என்பது, எல்லாம் வடை ஆறுவதற்குள் முடிவானது. கடைசியில்தான் பாய் விஷயத்துக்கு வந்தார்கள். நேற்று வரை அவர் மூன்றிலும் உறுப்பினராக இருந்ததாக ஏற்பது, ஏனென்றால் மூவருக்கும் பதவி வேண்டும். இன்று முதல் எதிலும் உறுப்பினர் இல்லை, ஏனென்றால் மூவருக்கும் விதி வேண்டும். ஒரு கிளப்பையாவது தேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கு அவர் போய்விட்டால் மற்ற இருவருக்கும் பொறுக்காது.

பாய் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்குத்தான் அந்த வாய் கிடையாதே. பேட்ஜ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் நிறத்தை வைத்தார். ஆம்புலன்சைக் கூப்பிட ஒரு போன் வேண்டுமே, அது எந்தக் கிளப்பில் இருப்பது என்று மறுபடி சண்டை தொடங்கியபோது, எந்தக் கிளப்பிலும் இல்லாதவர் ஒருவர்தான் அந்த மண்டபத்தில் மிச்சம் இருந்தார். போன் கண்ணாடிக் கடைக்கு வந்தது.

முதல் சில வாரங்கள் எப்படி இருந்தார் என்று ஷாஜாதியைக் கேட்டேன். "திங்ககெயம சாயங்காலம் ஆனா சட்ட மாட்டிகினு நிப்பாரு. எங்க போறதுன்னு தெரியாம திரும்ப வந்து குந்துவாரு. வியாழன்லயும் அதேதான். சோறு மீந்துபோவல, ஆனா வூடு பேஜாரா கீது. காக்காங்களுக்கும் பேஜாரு."

ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதன் இடப்பக்கம் அலைகள் பெயர் முதலில், வலப்பக்கம் தீபம் முதலில், பின்கதவில் இமயம் முதலில். முன்பக்கம் 'ஆம்புலன்ஸ்' என்பதைக் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி இடவலம் மாற்றி எழுதியவர் பாய். "முன்னாடி போறவன் கண்ணாடியில எங்க கிளப்பு பேரு தெரிய வேணாமா?" என்று சம்பத் அதையும் திருப்பி எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம் என்று வண்டி போகிறது, வருகிறது. அதில் வந்தவர்கள் சிலர் நேராக நடக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று பக்கத்துப் பெயர்களில் ஒன்றும் ஞாபகமில்லை; படுத்துக்கொண்டு வந்ததால் கூரையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

போன வாரம் கடையில் இருந்தேன். சம்பத்தும் சுப்புராமனும் சேர்ந்தே வந்திருந்தார்கள். ஆம்புலன்சின் முதலாண்டு விழாக் கேடயத்துக்கு ஆர்டர். பலகையில் எந்தக் கிளப்பின் பெயர் மேலே வர வேண்டும் என்பது பேச்சு.

"வண்டி யாருது? அலைகளுது. வண்டி இல்லாம ஆம்புலன்ஸ் ஏது?" என்றார் சம்பத்.

"அகர வரிசைப்படி போட்டாக்கூட நீங்கதான் முதல்ல வருவீங்க. அதனால அகர வரிசை நியாயமில்லை" என்றார் சுப்புராமன்.

"நீயே சொல்லு பாய், யாரு பேரு மேல?"

பாய் தலையைச் சாய்த்துச் சம்பத்தைப் பார்த்தார். அப்புறம் சாய்த்துச் சுப்புராமனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சரி என்று சொல்கிற பழைய சிரிப்பு உதட்டில் வரத் தொடங்கியது. "ரெண்டும்..." என்று ஆரம்பித்தார்.

போன் அடித்தது.

இடது கையால் எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் குரல். அழுகையும் காற்றும் கலந்து வந்தது. கடைக்குள் இருவரும் நிறுத்தவில்லை. "இங்க பாரு பாய், நான் இன்னா சொல்றேன்னா" என்று சம்பத் முன்னால் வந்தார். ஹமீது பாய் வலது கையைத் தூக்கினார். சம்பத்தின் முகத்துக்கு நேராக, சுப்புராமனின் முகத்துக்கு நேராக, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மூன்று வருஷத்தில் அந்தக் கை யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு தலைவர்களும் வாயை மூடினார்கள்.

அந்தக் கையாலேயே காதிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவினார். எதிரே இருந்த கண்ணாடியில் சம்பத்தும் சுப்புராமனும் தோளோடு தோள் நின்று தெரிந்தார்கள். துடைக்கவோ இடம் தேடவோ அவருக்கு நேரமில்லை. இரண்டு முகங்களுக்கும் குறுக்கே, பெரிய எழுத்தில் எழுதினார்: திருவிடந்தை வளைவு, ஒரு பொம்பள, ஒரு கொழந்த.